பூவம்மாள் மெழுகிய டென்னிஸ் கோர்ட்

தனகோடி முதலியாருக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்து பெரிய மனிதரானவர். கீழே விழுந்ததைத் தானே குனிந்து எடுக்கும் வழக்கம் விட்டுப்போய் வெகு காலமாயிற்று. ஆனால் ராவ் சாகிப் பட்டம் வேண்டுமானால் கலெக்டர் துரையின் மனம் குளிர வேண்டும். துரைக்கு டென்னிஸ் என்றால் உயிர். ஆகவே ஏலகிரி மலைமேல் முதலியார் கட்டியிருந்த பங்களாவுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் எழுந்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது.

அங்கே இருந்த ஒரே சமதரை பூவம்மாளின் களம். அவளும் இன்னும் ஐந்து குடும்பங்களும் சாமையும் கேழ்வரகும் அடித்துத் தூற்றுகிற இடம். அதை விட்டால் பாறைச் சரிவுதான். அங்கே அடித்தால் பாதித் தானியம் மலையடிவாரத்துக்குத் தானாகவே இறங்கிப் போய்விடும். அவளுடைய கொழுந்தன் காசி தன் நிலத்தை முதலியாருக்கு விற்றபோது, தனக்குச் சொந்தமில்லாத களத்தையும் சேர்த்துக் கைநாட்டு வைத்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயிலேறிப் போய்விட்டான்.

"பத்திரம் இருக்குது, பூவம்மா," என்றார் முதலியார்.

"இருக்கட்டும் சாமி. காசி வானத்தையும் எழுதிக் குடுப்பான். அது கீழ எறங்கிடுமா இன்னா?"

"தை பொறந்ததும் துரை வர்றாரு. ஒரு சாமைத் தாள் இங்க விழக்கூடாது."

அவளிடம் காகிதம் ஏதும் கிடையாது. வயலில் சாமை மட்டும் அறுப்புக்கு நின்றது.

ஆம்பூரிலிருந்து மேஸ்திரி ஆரோக்கியசாமி ஆட்களோடு வந்தார். செம்மண் கொட்டினார்கள், தண்ணீர் தெளித்து இடித்தார்கள், நடுவில் வலை கட்டினார்கள். மூன்றே நாளில் மலைக்காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தது வெடித்துப் பாளமாயிற்று.

"சாணி போட்டு மெழுகினாத்தான் நிக்கும், மொதலாளி. அந்தக் கை இந்த மலைக்காரப் பொம்பளைங்களுக்குத்தான் வரும்," என்றார் மேஸ்திரி.

முதலியார் பூவம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வெடித்த தரையைக் கால் விரலால் ஒருமுறை நெருடிப் பார்த்தாள்.

"மெழுகித் தர்றோம். ஆனா எங்க முறைப்படிதான் மெழுகுவோம். நடுவுல யாரும் கை வைக்கக் கூடாது."

"உங்க முறைப்படியே மெழுகு. தரை கண்ணாடியாட்டம் இருக்கணும்."

தன் பேச்சுத் திறமைக்கு இன்னொரு வெற்றி என்று முதலியார் மீசையைத் தடவிக்கொண்டார். துரையை மாலையோடு எதிர்கொள்வதற்காக ரயிலடிக்கு இறங்கிப் போனார்.

ஆறு பெண்கள் இரண்டு நாள் மெழுகினார்கள். ஈசானிய மூலையில் பூவம்மாள் சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் அருகம்புல் செருகினாள்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் மேஸ்திரி.

"முறை."

அந்த முறை மலையில் எல்லோருக்கும் தெரியும். மெழுகிப் பிள்ளையார் வைத்த தரையில் தானியம் ஏறியாக வேண்டும். ஏறிய தானியத்தை அளக்கும்வரை செருப்புக் கால் உள்ளே வரக்கூடாது. குவித்துச் சாணிக் குறி போட்ட தானியப் பொலியை உடையவளைத் தவிர எவரும் தொடக்கூடாது. முதலியாருக்கும் கீழே பத்துக் காணி நஞ்சை உண்டு. ஆனால் நெல் அவர் வீட்டுக்கு மூட்டையாகவே வந்து பழக்கம். களம் என்ற ஒன்று நடுவில் இருப்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆறு குடும்பத்துச் சாமையும் வந்து இறங்கியது. வலைக்கு இந்தப் பக்கம் நாலு மாடு, அந்தப் பக்கம் நாலு மாடு. மேஸ்திரி கத்திப் பார்த்தார். பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் காலையில் டோலிகள் மேலே வந்தபோது, கோர்ட்டின் நடுவில் வலையை அமுக்கிக்கொண்டு ஆளுயரப் பொலி நின்றது. வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளை பூட்சுமாகத் துரை இறங்கினார்.

"இன்னா இது?" முதலியாரின் குரல் கீச்சிட்டது.

"சாமை, சாமி."

"டேய், வாரி அப்பால கொட்டுங்கடா."

டோலி தூக்கி வந்தவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். அவர்களில் மூத்தவனான சின்னசாமி சாணிக் குறியைப் பார்த்தான்.

"அளக்காத பொலி, சாமி. தொடமாட்டோம்."

"அப்ப அளந்து தொலை, பூவம்மா."

"அதுக்கு நல்ல நாள் வரணும்."

"எப்ப வரும் நல்ல நாள்?"

"துரை என்னிக்குக் கீழ எறங்குறாரு?"

முதலியார் பொலியை உதைக்கிற வேகத்தில் காலைத் தூக்கினார்.

"செருப்பு," என்றாள் பூவம்மாள். சத்தம் போடவில்லை. களத்தைச் சுற்றி நின்ற முப்பது பேரும் அந்தக் காலையே பார்த்தார்கள். டோலிக்காரர்களும் பார்த்தார்கள். இவர்கள் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போய்விட்டால் துரை நடந்துதான் இறங்க வேண்டும் என்பது முதலியாருக்குக் கால் அந்தரத்தில் நிற்கும்போதே உறைத்தது. கால் வந்த வழியே திரும்பியது.

துரை விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மட்டையை உறையில் போட்டு, டீ எங்கே என்றார். மூன்றாம் நாள் இறங்கிப் போனார். பட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் பூவம்மாள் பொலியை அளந்து, அடியில் மிஞ்சிய சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்தார். செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்தார்.

"எடம் எப்ப காலியாவும்னு மொதலாளி கேக்கச் சொன்னாரு."

"அறுப்பெல்லாம் முடிஞ்சா ரெண்டு மாசம் சும்மாத்தான் கெடக்கும். ஆடட்டும். வெறுங்காலோட ஆடணும். வர்றதுக்கு முந்தி என்னைக் கேக்கணும்."

"பத்திரம் அவருகிட்ட இருக்குதே, பூவம்மா."

"அவருகிட்டயே இருக்கட்டும். நாளைக்கு இங்க கேவுரு ஏறுது. கொஞ்சம் தள்ளி நில்லு மேஸ்திரி, காத்து வருது."