நோயாளி ராஜன், வயது நாற்பத்தைந்து

மோகனூர் சாலையில் உள்ள அந்த மருந்தியல் கல்லூரியில் அன்று ‘நோயாளி பாதுகாப்பு’ செய்முறைத் தேர்வு. நோயாளியின் பெயர் ராஜன், ஆண், வயது நாற்பத்தைந்து, ரத்தக்கொதிப்பு. நடித்தவர் விடுதியில் பாத்திரம் தேய்க்கும் ஆத்தாயி, அறுபது வயது. வேறு ஆள் கிடைக்கவில்லை.

தேர்வாளர் முனைவர் தண்டாயுதபாணி சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து காரில் வந்திருந்தார். அவருடைய பட்டங்களுக்காகவே வரவேற்புப் பலகையை இரண்டடி நீட்டியிருந்தார்கள். கையில் அவரே வகுத்த தாள். பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு மதிப்பெண், ஆறு எடுத்தால் தேர்ச்சி. மாணவி கனிஷ்காவுக்கு இது இரண்டாம் முறை. இதிலும் போனால் ஒரு வருடம் போச்சு.

வணக்கம், பெயர், வயது, நோய் என நான்கு டிக் விழுந்தன.

“வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?”

“இல்லீங்க” என்றார் ஆத்தாயி, மனப்பாடம் செய்தபடி. ஐந்தாவது டிக். உடனே ஆத்தாயிக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

“அடடா, என்னா நடிப்பு!” என்றார் முனைவர்.

கனிஷ்கா எழுந்துவிட்டாள். “ஆயா, காலைல சாப்பிட்டீங்களா?”

“எங்க சாமி... சக்கர மாத்திரை ரெண்டையும் போட்டுட்டு ஓடியாந்தேன்.”

“ராஜனுக்குச் சர்க்கரை கிடையாதும்மா. தாளைப் பாரு” என்றார் முனைவர்.

“எனக்கு இருக்குதுங்களே” என்று ஆத்தாயி நாற்காலியில் சரிந்தார்.

முனைவர் கூடுதல் சர்க்கரை கேட்டு வாங்கிய டீ மேசையில் இருந்தது. கனிஷ்கா அதை எடுத்து ஆத்தாயிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. மடியில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன.

“ஒண்ணு ஆஸ்பத்திரியில குடுத்தது, ஒண்ணு கிளினிக்குல. வேற வேற கலருங்க.”

“கலருதான் வேற ஆயா. ரெண்டும் ஒரே மருந்து. வெறும் வயித்துல ரெண்டையும் போட்டதுல சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. அட்டையைக் கையில எடுத்துக்குங்க, இப்பவே டாக்டர்கிட்ட போலாம்.”

“நேரம் முடிஞ்சுது” என்றார் முனைவர். “ராஜனை விட்டுட்டு வேற யாரையோ கவனிச்சிருக்கே. பாதுகாப்புக் கட்டத்துல பூஜ்யம்.” டீ கொடுத்ததற்குக் கட்டம் தேடினார், இல்லை. அடுத்த கட்டத்தைப் படித்தார்: “‘சிரித்த முகமாகப் பேசினாரா?’ அதுவும் இல்ல.”

“ஏனுங்க, நான் கண்ணு முழிச்சப்ப அந்தப் புள்ள சிரிச்சுதுங்களே!”

அந்தக் கட்டத்தின் அடியில் ‘நோயாளியைக் கேட்டு நிரப்பவும்’ என்று அச்சாகியிருந்தது. முனைவர் டிக் போட்டார். ஆறு.

கனிஷ்கா ஆத்தாயியைக் கைத்தாங்கலாக ஆட்டோவுக்கு அழைத்துப் போனாள். முனைவர் கடைசி வரியை நிரப்பிக் கையெழுத்திட்டார்: ‘ராஜன் நலம்.’