கை தூக்காதவன்

தம்பியின் இரும்புப் பெட்டியை வாங்கிப்போக அக்கா வந்திருந்தாள். சார்ஜென்ட்தான் அவளை வீரர்கள் தங்கும் கூடத்துக்குள் அழைத்துப் போனார். நான்கு நாளுக்கு முன்பு அவர் நடத்திய பத்து கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தில், காய்ச்சலோடு ஓடி விழுந்து இறந்துபோனான் தம்பி. சார்ஜென்ட் மேல் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள்.

அவள் சட்டைகளை மடித்து வைத்தபடியே கேட்டாள். "காய்ச்சக்காரனை எதுக்கு சார் ஓட விட்டீங்க?"

"தெரியாதும்மா. உடம்பு முடியாதவன் கை தூக்குன்னு ஓட்டத்துக்கு முன்னாடி கேட்டேன். அவன் தூக்கல."

"அவனா? லேசா தலை வலிச்சாலே வீட்டை ரெண்டாக்குவான் சார். செருப்பு கடிச்சதுக்கு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாதவன்."

சொல்லும்போதே வந்த சிரிப்பு அழுகையாக உடைந்தது.

விசாரணையில் கேட்டதற்கெல்லாம் சார்ஜென்ட் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். கேட்காததைச் சொல்லவில்லை.

"முதல் வாரம் ஒரு தடவை தூக்கினாம்மா," என்றார். "'மகாராணிக்குப் பல்லக்கு கொண்டு வாங்கடா'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னையிலிருந்து அவன் பேரே மகாராணிதான். அப்புறம் யாருமே கை தூக்கல. பசங்களைத் தேத்திட்டேன்னு நெனச்சேன்."

அவள் பெட்டியைப் பூட்டினாள். அவர் குனிந்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.

"விடுங்க சார்," என்றாள். "நானே கொண்டு போறேன்."

பெட்டி நல்ல கனம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அவர் பக்கத்திலேயே நின்றார், தொடாமல்.