பாதி வீடு இந்தத் திரையில்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பத்திரிகையில் கதை கேட்டிருந்தார்கள். எனக்கோ ஒன்றும் ஓடவில்லை. அப்போது பக்கத்து வீட்டில் ஒரு பெண் அலறினாள்: "ஐயோ, என் வீட்டைக் காணோம்!" வீட்டுக்குள் நின்றுகொண்டே ஒருத்தி இப்படிக் கத்தினால் எப்படிச் சும்மா இருப்பது? மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: மாலையின் பொன்னொளி அந்தப் பழைய லேப்டாப்பின் மீது...

[வேண்டாம். லேப்டாப்பின் திரை செத்துக் கிடக்கிறது. அதன்மேல் பொன்னொளி விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன?]

இரண்டாவது: அவள் வீடுகளுக்கு பிளான் போடுகிறவள். பல வருஷம் அவள் வரைய, முதலாளி கையெழுத்துப் போட்டார். இப்போதுதான் தன் பெயரில் முதல் வீடு. கட்டப்போகிறவர் சாயங்காலம் பார்க்க வருகிறார். திருப்தி இல்லையென்றால் அந்த முதலாளியிடமே போய்விடுவார். இந்த நேரம் பார்த்து, பிளான் திறந்திருக்கும்போதே, திரை கறுத்துவிட்டது. உள்ளே எல்லாம் ஓடுகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

[இது தேவலை.]

3

கணவன் ஒரு புது மானிட்டரை இரவல் வாங்கி வந்தான். லேப்டாப்பில் ஒயர் மாட்ட இருந்தது அகலமான நீலத் துளை. மானிட்டரில் ஒல்லியான துளை. இடையில் மாட்ட ஒரு கன்வர்ட்டர் வாங்கினான். மாட்டினால் மானிட்டர் கண் திறக்கவில்லை.

"ஏங்க, இது புது மெஷின்லேர்ந்து பழைய மானிட்டருக்கு அனுப்புறது. நமக்கு வேண்டியது நேர் எதிர்."

"ஒயர்லகூடவா ஒருவழிப் பாதை?"

மறுபடி ஓடினான்.

[இங்கே ஒரு கெட்டிக்கார மச்சானை வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தவன் இருந்தால் கதை இரண்டே வரியில் முடிந்துவிடும். அவனை வெளியூர் அனுப்பிவிட்டேன்.]

4

சரியான கன்வர்ட்டர் வந்தது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. நீல வானம், ஒரு மலை, பின்னணிக்கு வைத்த வெறும் படம். வேறு ஒன்றுமே இல்லை.

"ஐயோ, என் வீட்டைக் காணோம்!"

"ஒருதடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

"தொட்டீங்க, தொலைச்சுப்புடுவேன்! அணைஞ்சா திரும்ப எந்திரிக்கும்னு யாரு சொன்னா?"

மவுஸை ஆட்டினாள். அம்பு இடது ஓரத்தில் மறைந்தது. வலப்பக்கம் தள்ளினால் அங்கிருந்தே திரும்பி வந்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு திரையையும் சேர்த்து ஒரே நீள மேஜையாக நினைத்துக்கொண்டிருக்கிறது இந்த மெஷின். வீடு எங்கேயும் போகவில்லை. செத்த திரையில் பத்திரமாக விரிந்து கிடக்கிறது.

அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டாருடி! என்ன பண்றது?"

"நீங்க பேச்சை இழுங்க. நான் வீட்டை இழுக்கிறேன்."

5

குத்துமதிப்பாக அம்பைச் செத்த திரையின் மேல் விளிம்புக்கு ஏற்றி, அழுத்திப் பிடித்து, வலப்பக்கம் இழுத்தாள். மானிட்டரில் மாடிப்படி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே கூடம் வந்தது. அதோடு லேப்டாப் முக்க ஆரம்பித்தது.

முடிவு ஒன்று: முழு வீடும் வந்தது, எல்லோரும் கைதட்ட... [அந்த லேப்டாப்பை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சிரிப்பீர்கள்.]

முடிவு இரண்டு: லேப்டாப் உயிரை விட்டது. அவள் மறுபடி அந்த முதலாளியிடம்... [மனசு வரவில்லை.]

மூன்று: கட்டப்போகிறவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "கூடம் நல்லா விசாலமா இருக்கேம்மா! சமையல்கட்டு எங்கே?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்," என்றான் கணவன்.

அவள் விரல் இன்னும் மவுஸை விடவில்லை. விட்டால் பாதி வீடு. இழுத்தால் முழு வீடும் வரலாம், இல்லை பிளான் மூடிக்கொண்டு வெறும் மலை மிஞ்சலாம். இனி மவுஸை நீங்கள் பிடியுங்கள். மெதுவாக இழுங்கள், அவசரப்பட்டால் அது தாங்காது.