பொங்கல் வாங்குகிற கை

வல்லாங்குளத்தில், எதைப் பிடிக்கக் கைக்குத் தெரியாதோ அது கண்ணுக்கும் தெரியாது. கண் ஒன்றைச் சந்தித்ததும் மூளை கையிடம் விசாரிக்கும். கை விரித்துவிட்டால் கண்ணும் பேசாமல் இருந்துவிடும்.

அதனால் அங்கே வானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழை வந்தால் குடை தெரியும், அது போதும். பெண் பார்க்கப் போகிறவனுக்குக் காபி டம்ளர் மட்டும் தெரியும். மணவறையில் கையைப் பிடித்த பிறகுதான் பெண் தெரிவாள். ஐயம்பெருமாளுக்குச் செண்பகவல்லி அப்படித்தான் தெரிந்தாள். நல்லவேளை, அழகாகவே இருந்தாள்.

இப்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற ஐயம்பெருமாள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். நர்ஸ் ரெஜினா கையைப் பிடித்து உள்ளே இழுத்ததால் அவளும் தெரிந்தாள். கட்டிலில் ஒரு வெள்ளைத் துண்டு, அதன் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்திலிருந்து அழுகை.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு," என்றாள் செண்பகவல்லி.

"ஆமாமா."

"எங்க, தொட்டுக் காட்டுங்க பாப்போம்."

அவன் குழந்தையின் கால் பக்கத்தைக் காட்டினான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற மகளைப் பார்க்கத் தெரியாதவன் என்று ஐயம்பெருமாளுக்கும் வெட்கமாகப் போயிற்று.

சிலிண்டர் தூக்குகிற மாதிரி கையை வைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. தேங்காய் பிடிக்கிற மாதிரி வைத்ததும் பின்னந்தலை மட்டும் வந்தது. அதையே கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தான். சாவியைப் பிடிக்கிற மாதிரி விரலைக் குவித்தான். ஒரு காது வந்தது.

"இப்படித் துண்டு துண்டா பாத்தா என்னைக்கு முடியும்?" என்றாள் ரெஜினா.

செண்பகவல்லி யோசித்தாள். "கோயில்ல சர்க்கரைப் பொங்கலைச் சுடச்சுட இலையில வச்சுக் குடுத்தா எப்படி வாங்குவீங்க?"

ஐயம்பெருமாள் இரு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

மகள் முழுசாகத் தெரிந்தாள். மூக்கு அவன் மூக்கேதான். அவன் வாய்விட்டு அழுதான். மகளோ அழுகையை நிறுத்திவிட்டு அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு உங்க சுண்டுவிரல் தெரிஞ்சிருச்சு," என்றாள் ரெஜினா. "மிச்ச அப்பா போகப்போகத் தெரிவாரு."

குழந்தை அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது. மற்றொரு கையை நீட்டி, அங்கிருந்த எதையோ மெதுவாகப் பிடித்தது. மூவரில் யாருக்கும் அந்தப் பிடி தெரியாது.

ரெஜினா விலகி வழிவிட்டாள். செண்பகவல்லி காலை மடக்கி இடம் கொடுத்தாள். கட்டிலின் ஓரம் மெல்ல அமுங்கியது.