பின்வரிசை இருமல்

“கையை எங்க வெச்சுக்கறது?” என்று கணவன் மறுபடியும் கேட்டான். காலையிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

“எங்கயும் வெச்சுக்க வேணாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். பேசப் பேச தானா அசையும்.”

“அசைய மாட்டேங்குதே.”

உண்மைதான். யாரோ பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இரண்டு கைகளும் தொங்கின. கூடத்து சோபாவைச் சுவரோரம் தள்ளி, டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, மாமனாரையும் மாமியாரையும் ஆஸ்பத்திரிக்காரர்களாக உட்கார வைத்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

வீட்டுத் தொழில் லிஃப்ட் செய்வது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் கட்டடம் முழுவதற்கும் புது லிஃப்ட் போட இருந்தது. எங்கள் லிஃப்ட்தான் உங்களுக்கு ஏற்றது என்று நாளைக்கு அவர்கள் முன்னால் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த லிஃப்டை வடிவமைத்தவள் மருமகள். ஸ்லைடுகளைச் செய்ததும் பேச்சை எழுதியதும் அவள்தான். பேசப்போவது மட்டும் மகன்.

ஏனென்றால் வீட்டுப் பெண்கள் சபையில் எழுந்து பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. இத்தனைக்கும், என்ஜினீயர் பெண்தான் மருமகளாக வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமனார். அவளுடைய பட்டத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியவரும் அவரே. படிப்பு வேண்டும், மூளை வேண்டும், குரல் மட்டும் வேண்டாம். வேண்டாத பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று அந்த மனிதர் மனதார நம்பினார்.

“நானே பேசிடறேனே மாமா?” என்று போன வாரம் அவள் கேட்டுப் பார்த்தாள்.

“உனக்கு எதுக்கும்மா அந்தக் கஷ்டமெல்லாம்?” என்றார் அவர், கருணை பொங்க. “நீ அவனுக்கு நல்லா சொல்லிக் குடு. அது போதும்.”

சொல்லிக் கொடுத்தாள். “ஸ்லைடுல இருக்கறதை அப்படியே ஒப்பிக்காதீங்க, அவங்களுக்கும் படிக்கத் தெரியும். திரையைப் பார்த்துக்கிட்டு முதுகைக் காட்டாதீங்க. முக்கியமான விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துங்க, அது அவங்க மனசுல போய் உக்காரட்டும்.” கண்ணைப் பார்த்துப் பேசப் பயமாக இருக்கிறது என்றான். “அப்ப நெத்தியைப் பாருங்க. கண்ணைப் பார்க்கற மாதிரியே இருக்கும்.”

எதைச் சொன்னாலும் எழுந்து நின்றதும் அவனுக்கு மறந்துவிடும். அதனால் அவர்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து இருமுவாள். ஒரு இருமல் என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்று என்றால் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்க வேண்டும்.

ஒத்திகை முடிந்ததும் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எம்புள்ள என்னமா பேசறான்!” என்றவர் மருமகள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அவன் பேசற நேரத்துலயாவது அந்த இருமலைக் கொஞ்சம் அடக்கக் கூடாதா?”

மறுநாள் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமை டாக்டரம்மாவும் கட்டட மேற்பார்வையாளரும் கணக்கு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் எழுந்து அறிமுகம் செய்தார். “இவன் என் பையன். இந்த லிஃப்டுக்கு மூளையே இவன்தான்.” பின்வரிசையைச் சும்மா கையால் காட்டினார். “அவங்க குறிப்பெடுக்க வந்திருக்காங்க.”

ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தவள் அவள். பேனாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணவன் நன்றாகத்தான் தொடங்கினான். சொல்லிக் கொடுத்தபடி டாக்டரம்மாவின் நெற்றியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு தடவை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். பின்வரிசையில் அவள் ஒரு தடவை இருமினாள், அவன் நிறுத்தினான். இரண்டு தடவை இருமினாள், வேகத்தைக் குறைத்தான். மாமனார் பூரித்துப்போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வினை கணக்கு அதிகாரியின் தொண்டையில் இருந்தது. மனிதருக்கு நிஜமாகவே சளி. “எங்க லிஃப்ட் எந்த நேரத்திலும் பாதியில்...” என்று கணவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு தடவை இருமினார். கணவன் டக்கென்று நிறுத்தினான். ‘நிற்காது’ என்ற சொல் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பக்கத்து மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மறுபடி இரண்டு தடவை இருமினார். கணவன் அடுத்த வாக்கியத்தை, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பிறகு அவருக்கு அடக்க முடியாமல் தொடர் இருமல் வந்தது. கணவன் காகிதத்தைக் கீழே போட்டான், தலையைத் தூக்கினான். இருமல் நிற்காததால் தூக்கிய தலையை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்தபடியே நின்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. கணவனையும் சேர்த்துத்தானே இந்த வழக்கம் நடுவில் நிறுத்தி வதைக்கிறது!

டாக்டரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “சரி, இதைச் சொல்லுங்க. நடுவழியில கரண்ட் போச்சுன்னா, உள்ள ஸ்ட்ரெச்சர்ல இருக்கற நோயாளியோட கதி என்ன?”

பதிலுக்கு எந்த இருமலும் ஏற்பாடு செய்யப்படவில்லை. கணவன் பின்வரிசையைப் பார்த்தான். மாமனாரும் பார்த்தார், சொல்லிக் குடேன் என்பது போல. அவர்களோடு சேர்ந்து டாக்டரம்மாவும் திரும்பினார்.

“உங்களுக்கும் ரொம்ப நேரமா இருமல் போலிருக்கே. ஏசி ஒத்துக்கலையா?”

“எனக்கு இருமல் இல்ல, டாக்டர்,” என்றாள் அவள். “பதில் இருக்கு.”

எழுந்து முன்னால் போனாள். அவளும் இதற்கு முன் நின்று பேசியவள் இல்லை.

“லிஃப்ட் நடுவுல நிக்காது. பேட்டரி உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிடும். பக்கத்து மாடிக்குப் போய்க் கதவு திறந்துக்கும். ஸ்ட்ரெச்சர் வெளிய வர்ற வரைக்கும் மூடாது.” கொஞ்சம் நிறுத்தினாள். “உள்ள இருக்கறது நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சுத்தான் இதைச் செஞ்சேன்.”

அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துப் பதில் சொன்னாள். கடைசியில் டாக்டரம்மா மாமனாரிடம் சொன்னார்: “அடுத்த வாரம் எங்க டாக்டர்கள் எல்லாருக்கும் இதை விளக்கணும். இவங்களையே அனுப்புங்க. அதுக்கப்புறம் ஆர்டரை முடிச்சுக்கலாம்.”

வீடு திரும்பியதும் மாமனார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். “நம்ம பையன் பேசின பேச்சுல ஆஸ்பத்திரிக்காரங்க அசந்துட்டாங்க!” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். போனை வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

“அவசரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுட்ட, பரவாயில்ல. அடுத்த வாரத்துக்கு அவனுக்குப் பதிலையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்துடு.”

“என்னை விட்டுடுங்கப்பா,” என்றான் மகன். தகப்பன் சொல்லை அவன் தட்டியது அதுவே முதல் முறை. “இனி என்னால ஆகாது. அவளே பேசட்டும்.”

மனைவிக்கு நியாயம் வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பயந்து சொன்னான். தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வாயை அடைத்து வைத்திருந்த வீடு, கடைசியில் ஓர் ஆணின் பயத்துக்கு இறங்கிவந்தது.

மாமனாரால் ஆர்டரையும் விட முடியவில்லை, கௌரவத்தையும் விட முடியவில்லை.

“சரி, பேசிட்டு வா. ஆனா யாரு கேட்டாலும், எல்லாம் இவன் சொல்லிக் குடுத்ததுன்னுதான் சொல்லணும். புரியுதா?”

“யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லுவேன், மாமா,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “யாரும் கேக்கலைன்னா முதல் ஸ்லைடுலயே போட்டுடறேன்.”

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து தன் பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.