மூன்றாவது சரணம் வருவதற்குள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. நைரோபியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில், போன திங்கட்கிழமை கெமுந்தோ என்ற ராப் பாடகி இதைச் சொன்னாள். சொல்லும்போது தட்டிலிருந்த அவரையைத் தொடவே இல்லை. இப்படி எதையாவது கேட்டால் உடனே எழுத உட்கார்ந்துவிடுவது என் கெட்ட பழக்கம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய அம்மா போசிபோரி எங்கள் அச்சகத்தில்தான் பைண்டிங் பிரிவில் இருக்கிறார், என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில். ஒன்பது வருடப் பழக்கம். நான் இதைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "கயோலேயில் ஒரு நாலாவது மாடி அறை. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து ஒலிப்பதிவுக் கூடமாக்கிய அந்தப் புழுக்கத்தில் ஒரு இளம்பெண் தன் வேதனையை..." (வேண்டாம். கெமுந்தோ படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

இரண்டாவது: "நான்கு வருடம், பதினொரு பாட்டு. பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. எழுதுவது, பதிவது, சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் அவளே." (உண்மைதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போட்டது மாதிரி இருக்கிறது.)

மூன்றாவது: இந்த ஊரில் மடாட்டுக்காரன் போட்டால்தான் பாட்டு. வெளியே முழுக்க ஓவியமும் உள்ளே இருக்கைக்கு அடியில் ஒலிபெருக்கியுமாக ஓடுகிற அந்தத் தனியார் சிற்றுந்துகளில் பாட்டு ஏறிவிட்டால், வானொலி தானாகப் பின்னால் வரும். கெமுந்தோவின் பதினொரு பாட்டில் ஒன்றுகூட ஏறவில்லை. பன்னிரண்டாவது ஏறியது.

(இது போதும். இங்கிருந்தே போகலாம்.)

3

பன்னிரண்டாவது பாட்டு அவள் அப்பாவைப் பற்றியது. பதினொரு வருடத்துக்கு முன்னால் லாரி விபத்தில் செத்துப்போனார் என்பது போசிபோரி எல்லாரிடமும் சொல்லியிருப்பது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் கிறிஸ்தவ சபை ஒன்றுக்குப் போசிபோரி போகிறார், அங்கே விதவைகளுக்கென்று ஒரு குழு உண்டு. அதற்குத் தலைவியே இவர்தான். புதிதாகக் கணவனை இழந்து வருகிற பெண்ணை முதலில் கட்டிப்பிடிப்பதும் இவர்தான்.

ஆனால் அந்த மனிதர் செத்துப்போகவில்லை. தீக்காவில் இன்னொரு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் கெமுந்தோ அவரைப் பார்த்தாள். அவர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது சரணத்தில் இது முழுக்க வருகிறது, அம்மாவின் பெயரும் சபையின் பெயரும் சேர்த்து. ஒரே மூச்சில் பாடிவிட்டாள். பிறகு பயந்துபோய் இன்னொரு பிரதி செய்தாள். அதில் பெயர்கள் வருகிற இடத்தை வண்டி ஹார்ன் சத்தத்தால் மூடினாள். அந்த யோசனையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சரணத்தை இங்கே எழுதிப் பார்த்தேன்: "போசிபோரி, நீ மண்ணில்லாமல் புதைத்த..." (அடித்துவிட்டேன்.)

'நோ மெர்சி' என்ற வண்டியின் நடத்துநர் ஷிகுகுவிடம் இரண்டு பிரதியையும் கொடுத்து, ஹார்ன் உள்ளதை மட்டும் போடச் சொன்னாள்.* வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"ஏய் கெமு, வண்டியே குலுங்குது! இறங்க வேண்டியவன்கூட இறங்க மாட்டேங்கறான்!"

"எதுடா போட்டே? ஹார்ன் இருக்கறதுதானே?"

"அதையா? காலையில போட்டேன். நடுப்பாட்டுல ஹார்ன் கேட்டதும், எவனோ பக்கத்துல இடிக்க வர்றான்னு எங்க டிரைவர் பிரேக்கைப் போட்டு மிதிச்சுட்டான். ஒரு பெருசோட பல்லு தப்பிச்சதே அதிசயம். பாட்டுக்குள்ள எவளாவது ஹார்ன் வைப்பாளா? தூக்கிப் போட்டுட்டு மத்ததைப் போட்டேன். நம்ம வழியில ஓடற எல்லா வண்டிக்கும் ஏத்திக் கொடுத்தாச்சு. விருந்து வை!"

* ஏன் இரண்டையும் கொடுத்தாய் என்று கேட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள். இந்த இடத்தில்தான் என் கதாநாயகி மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

4

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதனால் போசிபோரி நாலு மணிக்கே கிளம்பிவிடுவார். அதே வழித்தடம்தான். கெமுந்தோ நிறுத்தத்துக்கு விழுந்தடித்து ஓடினாள். 'நோ மெர்சி' புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசை ஜன்னலோரம், மடியில் கீரைக்கட்டோடு அம்மா.

"நிறுத்துடா பாட்டை," என்றாள் படியில் தொங்கியபடி.

ஷிகுகு அவளை மேலும் கீழும் பார்த்தான். "கிறுக்கு பிடிச்சிருக்கா? நாலு வருஷமா 'அண்ணே ஒரு தடவை போடுங்க'ன்னு கெஞ்சினே. இப்ப முழு வண்டியும் பாடுது, நிறுத்தணுமா?"

பாடத்தான் செய்தார்கள். பள்ளிச் சீருடைப் பெண்கள், காவலாளி உடுப்புக்காரர், கோழிக்கூண்டு வைத்திருந்தவர் எல்லாரும். அவள் எழுதிய பல்லவி, அவளுக்குத் தெரியாத வாய்களில். வாழ்நாளில் முதல்முறை. அந்தச் சந்தோஷம் அவளுக்கு அடக்க முடியாமல் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"கெமுந்தோ!" அம்மா பார்த்துவிட்டார். "ஏறுடி, பொழுது சாயுது. ஆமா, இது உன் குரல்தானே? இதுக்குத்தான் சோறு தண்ணியில்லாம திரிஞ்சியா?" பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார். "கேளுங்க, இது என் பொண்ணு பாடினது. என் வயித்துல பொறந்தவ! ஏய் தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமா வை!"

ஷிகுகு வைத்தான். இரண்டாவது சரணம் முடிந்தது. இன்னும் ஒரு பல்லவிதான். ஒலியைக் குறைக்கிற குமிழ் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

5

அ) நிறுத்திவிட்டாள். வண்டி முழுக்க ஏச்சு. அம்மா விதவையாகவே வீடு போய்ச் சேர்ந்தார். (மற்ற வண்டிகளில் ஓடுவதை யார் நிறுத்துவது?)

ஆ) நிறுத்தவில்லை. கீரைக்கட்டு (இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

இ) சரியாக அந்த நேரம் போக்குவரத்துப் போலீஸ் வண்டியை மறித்தது. (சினிமா.)

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கடையில் கேட்டேன்.

"கையை நீட்டினேன் அங்கிள்."

"குமிழைத் திருப்பினியா?"

"நீட்டினேன்னு சொன்னேன்ல? எழுதறவர் நீங்கதானே, நீங்களே எழுதுங்க. ஆனா அம்மா பேரைப் போட்டுடாதீங்க."

போட்டுவிட்டேன். இரண்டாவது பத்தியிலேயே போட்டுவிட்டேன். மாற்றிப் பார்த்தேன், வேறு எந்தப் பெயரிலும் அந்த அம்மாள் உயிரோடு வரவில்லை. பாட்டில் பெயரை ஏன் வைத்தாய் என்று கேட்டபோது கெமுந்தோவும் இதே சாக்கைத்தான் சொன்னாள். அவளைச் சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை?

6

மேலே உள்ளதை இன்று மதியம் மேசையில் முடித்துக்கொண்டிருந்தபோது எதிரே நிழல் விழுந்தது. போசிபோரி நின்றிருந்தார். விரலெல்லாம் பசை.

"கெமுந்தோ உங்ககிட்ட வந்து பேசினாளாமே, தம்பி."

காகிதத்தைக் கையால் மறைத்தேன். அவரால் படிக்க முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. "சும்மா, ஒரு கதை அம்மா."

"அதுல நான் இருக்கேனா?"

தலையாட்டினேன். அவர் மேலங்கியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பைண்டிங் பிரிவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"உங்க கதையில என் வீட்டுக்காரர் செத்துட்டாரா, உயிரோட இருக்காரா?"

பதிலுக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் போகவில்லை, நின்றுகொண்டிருக்கிறார். இவ்வளவையும் படித்துவிட்ட உங்களுக்கும் எல்லாம் தெரியும். அவருக்கு ஏதாவது சொல்லுங்கள்.