பெண்கள் வார்டில் சிவப்பு அம்பு

ஊர்ப்பொது மருத்துவமனைக்குப் பண்பாடு வந்து சேர்ந்தது 2007 ஆடி மாதத்தில். அதுவரை அங்கே அது இல்லாமல்தான் பிரசவம் பார்த்தார்கள், தையல் போட்டார்கள், செத்தவர்களைத் துடைத்து அனுப்பினார்கள். ஆடியில் தரணீதரன் வந்தார். அவர் அறைக் கதவில் ‘மக்கள் மற்றும் பண்பாட்டு இயக்குநர்’ என்று பித்தளையில் பலகை தொங்கியது. தலைமை நர்ஸ் விஜயராணி அதைக் கடந்துபோகும்போதெல்லாம், இந்தப் பித்தளைக்கு ஒரு சிரிஞ்சு ட்ரே வாங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

திருப்பூர் பனியன் முதலாளிகள் ஊர் முழுக்க நன்கொடை திரட்டி நடத்தும் அறக்கட்டளை ஆஸ்பத்திரி அது. தலைமையிடம் திருப்பூரில், வேலம்பாளையம், முதலிபாளையம், கணியூரில் கிளைகள். அறக்கட்டளைத் தலைவர் கந்தப்பனுக்குச் சொந்தமாக ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. தரணீதரன் அங்கிருந்து வந்தவர்தான். சரக்கு வாங்கும் வெள்ளைக்காரர்கள் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்க்க ஆடிட்டரை அனுப்பினால், வந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகும்படி செய்வது அவர் வேலை. ஆடிட்டுக்கு முந்தின நாள் தீ வாளிகளில் மணல் நிறையும், கழிப்பறையில் சோப்பு முளைக்கும், டெய்லர்கள் எட்டு மணி நேரம்தான் வேலை என்று ஒப்பித்துப் பழகுவார்கள். பதினொரு வருடத்தில் ஒரு ஆடிட்டிலும் அவர் தோற்றதில்லை. மனிதர்களை நிர்வகிக்கத் தெரிந்தவர் என்று கந்தப்பன் முடிவு கட்ட இது போதாதா?

வந்தவர் முதல் மாதம் புன்னகைப் பயிற்சி நடத்தினார். இருபத்திரண்டு வருடம் நோயாளிகளோடு கிடந்த விஜயராணிக்கு, எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். அடுத்த மாதம் பிறந்தநாள் கேக். மூன்றாவது மாதம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஆலோசனைப் பெட்டியை மாட்டிப் பூட்டுப் போட்டார்.

பெண்கள் வார்டில் நாற்பது படுக்கை. ஒரு ஷிப்டுக்கு ஒரே நர்ஸ். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று விஜயராணி கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, தரணீதரன் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“கைல குடுக்காதீங்க மேடம். பொட்டில போடுங்க. சிஸ்டம்னு ஒண்ணு இருக்குதல்லங்க?”

போட்டாள். ஒன்றல்ல, ஒன்பது கடிதம், ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும் வைத்து. பெட்டியை யாரும் திறந்து அவள் பார்க்கவில்லை. திறப்பதற்கா அதை மாட்டினார்கள்?

ஒன்பதாவது கடிதம் போட்ட ஆறாம் நாள் அனுசுயா தப்புச் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். மாற்றிவிட ஆள் வராததால் காலை ஷிப்டு முடித்து அப்படியே மாலை ஷிப்டும் பார்த்தவள், பதினாலாம் படுக்கைக்கான ஊசியைப் பதினேழாம் படுக்கைக்குப் போட்டுவிட்டாள். அந்த அம்மாள் மயங்கி, இரண்டு நாள் கழித்துத் தேறிவிட்டாள். அனுசுயா தேறவில்லை. அவளை நீக்கும் உத்தரவு தயாராகித் தரணீதரன் மேசையில் கிடந்தது. இந்தப் பதிவோடு வெளியே போனால் இனி எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

விஜயராணி கேட்கப் போனாள். அவர் உத்தரவைத் தள்ளி வைத்துவிட்டு வேறொரு தாளை அவள் முன் வைத்தார். மறுநாள் மெட்ராஸிலிருந்து தரச்சான்றுக்காக ஆய்வுக்கு வரும் டாக்டரிடம் காட்ட வேண்டிய டூட்டி லிஸ்ட். அதில் பெண்கள் வார்டுக்கு ஒரு ஷிப்டுக்கு ஐந்து நர்ஸ் என்றிருந்தது.

“யாரு சார் இந்த அஞ்சு பேரு?”

“ஆளு வருவாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. இந்தப் புள்ளையோட ஆர்டர நான் கிழிச்சுப் போட்டர்றனுங்க.”

அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது விஜயராணிக்கு. துப்பவில்லை. கையெழுத்துப் போட்டாள். சாத்தூரிலிருந்து இரும்புப் பெட்டியோடு வந்து விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் நின்றது. தன் சொந்த ஊர்க்காரப் பிள்ளை வேறு. ஆனாலும் வெளியே வந்தபோது, அவர்மீது இருந்த அருவருப்பில் பாதி தன்மீதே திரும்பியிருந்தது.

காலையில் ஆள் வந்தது. வெள்ளைச் சீருடையில் நான்கு பெண்கள், இருக்கிற ஒரு நர்ஸோடு சேர்த்தால் ஐந்து. நால்வரும் கந்தப்பன் கம்பெனி செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் பனியனை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பதுதான் அவர்கள் தொழில். சீருடையைக் கம்பெனியிலேயே தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் போட்டிருப்பதைவிட அது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“பேசண்டத் தொடாதீங்க, பேசாதீங்க” என்று தரணீதரன் அவர்களுக்குச் சொன்னார். “சும்மாவும் நிக்காதீங்க. உங்க வேலையப் பாக்கற மாதிரியே இருக்கோணும்.”

பனியன் கம்பெனியில் இது செல்லும். ஆடிட் நாளில் மெஷினை நிறுத்தினால் துணி காத்திருக்கும். நோயாளி காத்திருக்க மாட்டாள் என்பது அந்தப் பண்பாட்டு மூளைக்கு எட்டவில்லை. செக்கிங் பெண்ணுக்கு அவள் வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதும் எட்டவில்லை.

பதினோரு மணிக்கு ஆய்வு டாக்டர் வந்தார். நரைத்த முடி, பருத்திச் சேலை, கையில் அட்டை. கந்தப்பனும் தரணீதரனும் இருபுறமும் நடக்க, விஜயராணி முன்னால் போய் வார்டுக் கதவைத் திறந்தாள். முதல் படுக்கையருகே ஆக்சிஜன் சிலிண்டர். அதன் முள் பூஜ்யத்தில் கிடந்தது. முள்ளுக்கு நேராகச் சிவப்பில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர்.

பனியனில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டும் அம்பு அது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கை தானாகப் போய் அம்பை உரித்து உள்ளங்கையில் மறைத்தது. அனுசுயாவுக்காகத்தான். ஆனாலும், தரணீதரன் செய்யும் வேலையை இப்போது தானே செய்கிறோம் என்று காது மடல் சுட்டது.

ஒன்றை உரித்து என்ன ஆகப்போகிறது? கட்டிலின் உடைந்த சக்கரத்தில் ஒரு அம்பு. சோப்பில்லாத கைகழுவும் தொட்டியில் ஒன்று. தேதி முடிந்த மருந்துப் புட்டியில், தேதிக்கு நேராக ஒன்று. கடைசியில் அந்த நால்வரில் ராமாயி என்ற பெண், ஸ்டிக்கர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனைப் பெட்டி முன் நின்றாள். பெட்டியின் வாயில் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. அவள் சாவகாசமாக ஒரு அம்பைக் கிழித்து அங்கே ஒட்டினாள்.

“இதெல்லாம் யார் ஒட்டினது?” என்றார் டாக்டர்.

“நாந்தாம்மா.”

“ஏ புள்ள, உன்ன யாரு ஒட்டச் சொன்னது?” தரணீதரனின் பயிற்சி பெற்ற புன்னகை எங்கேயோ போயிருந்தது.

ராமாயி அவரை வியப்பாகப் பார்த்தாள். “என் வேலையப் பாக்கச் சொன்னீங்கள்ல சார்? டேமேஜப் பாத்துட்டு ஒட்டாம விட்டா உன்னையத்தான் கேப்பேன்னு கம்பெனில நீங்கதானே சார் சொல்லுவீங்க? ஒம்பது வருசமா அப்படித்தானே ஒட்டுறோம்.”

கந்தப்பன் கூரையைப் பார்த்தார். டாக்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாவி கிடைக்கவில்லை. தரணீதரன் மூன்று பைகளையும் தடவினார், அறைக்கு ஓடினார், வெறும் கையோடு வந்தார். கடைசியில் ஆயா ஒருத்தி அம்மிக் குழவி சைசில் ஒரு கல்லைக் கொண்டுவந்து இரண்டே தட்டில் பூட்டை உடைத்தாள். உள்ளே ஒன்பது கடிதங்கள். ஒரு மிட்டாய்த் தாள்.

டாக்டர் ஒன்பதையும் நின்றபடியே படித்தார். ஒன்பதாவதைப் படுக்கை மேசையில் வைத்து, பக்கத்தில் டூட்டி லிஸ்டை வைத்தார்.

“இதுல நாற்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ்தான், யாராவது சாகறதுக்குள்ள இன்னொருத்தர் வேணும்னு இருக்கு. அதுல அஞ்சு பேர்னு இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எதை நம்பறது சிஸ்டர்?”

தரணீதரன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுசுயாவின் உத்தரவு இருந்தது. அஞ்சுதான் என்று சொன்னால் அந்தப் பெண் பிழைப்பாள். வார்டு இப்படியே கிடக்கும், அடுத்த அனுசுயா அடுத்த ஊசியை மாற்றிப் போடுவாள், அன்றைக்குப் பதினேழாம் படுக்கை தேறாமலும் போகலாம். இந்த ஆள் அதற்கும் கேக் வெட்டுவார்.

விஜயராணி உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் கசங்கியிருந்த அம்பை எடுத்து, டூட்டி லிஸ்டில் தன் கையெழுத்துக்கு நேராக ஒட்டி, நகத்தால் அழுத்தினாள்.

“இதுதான் டேமேஜ், டாக்டர். பொட்டில இருக்கறது நெசம். தப்பு ஊசி போட்ட பிள்ள அன்னைக்கு ரெண்டாவது ஷிப்டுல நின்னுச்சு. அதையும் எழுதிக்கோங்க.”

சான்று கிடைக்கவில்லை. தவறு நர்சுடையது அல்ல, நிர்வாகத்துடையது என்று அறிக்கையில் அச்சாகிவிட்டதால், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று கந்தப்பன் பயந்து அனுசுயாவின் உத்தரவைத் தன் கையாலேயே கிழித்தார். தரணீதரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு என்றைக்கு ஆகியிருக்கிறது? அடுத்த மாதமே நான்கு ஆஸ்பத்திரிகளிலும் ‘நேர்மை வாரம்’ அறிவித்தார். அதன் தொடக்கமாக, பொய்ப் பட்டியலில் கையெழுத்திட்ட குற்றத்துக்காக விஜயராணியைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கிப் பெண்கள் வார்டு நர்ஸாகப் போட்டார். செய்யாத குற்றமில்லையே என்று அவளும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் சாதாரணச் சீருடையில் வார்டுக்குள் வந்தபோது, அனுசுயா மருந்து ட்ரேயோடு எழுந்து நின்று அழத் தொடங்கினாள்.

“எதுக்குட்டி அழுற? ஒம்பது கடுதாசிக்கும் பதில் வந்துருச்சு” என்றாள் விஜயராணி, ட்ரேயை இழுத்துப் பாதி ஊசிகளைத் தன் பக்கம் எடுத்து வைத்தபடி. “ஒண்ணுலருந்து இருவது வரைக்கும் நீ பாரு. மிச்சம் என்னோடது.”